நனையக் கூடாத கழுத்து

முதலில் கால்தான் வீங்கியது. செருப்பு சேரவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அதனால் மருத்துவர் சொன்னதை அம்மாவுக்கு நானே விளக்க வேண்டியிருந்தது: இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன.

தேனியில் டயாலிசிஸ் (இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கினார்கள். அதற்காகக் கழுத்தில் ஒரு குழாய். அது நனைந்தால் கிருமி நேராக இரத்தத்தில் கலக்கும். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு.

அந்த மாதங்களில்தான் உத்தமபாளையத்தில் ஒரு சிறிய சபைக்குப் போனேன். விசுவாசம் வந்தது; ஞானஸ்நானம் கேட்டேன். அங்கே ஆற்றில் முழுக்குதான். தலையில் ஊற்றுவதைப் பாஸ்டர் ஏற்பதில்லை. “முங்குறது சாவு, எந்திரிக்கிறது புது உயிர். செத்தவன் மேல ரெண்டு பிடி மண்ணத் தூவிட்டு வந்துருவமா?” என்று பிரசங்கத்தில் கேட்பார்.

“குடிக்கவே தண்ணி ஆகாதுன்னு சொன்னாக. நீ ஆத்துல முங்கப் போறியாக்கும்?” என்றாள் அம்மா.

மருத்துவரிடம் கேட்டேன். “கையில ஃபிஸ்டுலா (இரண்டு இரத்தக்குழாய்களை இணைத்துத் தைப்பது) தயாரானதும் கழுத்துக் குழாய எடுத்துரலாம். அப்புறம் முங்குங்க தம்பி.”

“அதுவரைக்கும் இருப்பனா சார்?”

“இருக்கணும்னுதான இந்தப் பாடு.”

ஞானஸ்நானம் பெறாமல் போய்விட்டால் நான் யார் கணக்கில் சேருவேன்? அந்தப் பயம் சாவுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஃபிஸ்டுலா தயாராகும் முன்பே குளிர்காய்ச்சல் வந்தது. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. வார்டுக்குப் பாஸ்டர் வந்தார். என்னைப் பார்த்தார். டம்ளரில் தண்ணீர் எடுத்தார். அம்மா என் கழுத்தைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் நெற்றியில் ஊற்றினார்.

பிழைத்தேன். ஃபிஸ்டுலா தயாராகி, கையிலேயே ஊசி ஏற்றி டயாலிசிஸ் செய்யத் தொடங்கியதும் கழுத்துக் குழாயை எடுத்தார்கள்.

“அன்னைக்கு ஊத்துனது செல்லுமா ஐயா?”

“செல்லும்ப்பா” என்றார் பாஸ்டர். பிறகு, “ஒருக்க முங்கிட்டா எனக்கும் நிம்மதியா இருக்கும்” என்றார்.

செல்லும் என்றால் எதற்கு மறுபடி? செல்லாது என்றால் அன்று வார்டில் நடந்தது என்ன? எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களில் குழாயோடு இருப்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: குளிர் நடுக்கம் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போன வாரம் அம்மாவோடு ஆற்றுக்குப் போனேன், குளிக்கத்தான். காயம் ஆறிய கழுத்தைத் தாண்டித் தண்ணீர் ஏறியது. முங்கினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தைத்த கையில் மட்டும் இரத்தம் விர்ரென்று ஓடுவது தெரிந்தது. இயந்திர நாள், இயந்திரமில்லாத நாள் என்று இரண்டே நாட்களாகிவிட்ட வாரம் எனக்கு. தண்ணீருக்குள் அன்று அந்த இரண்டில் எந்த நாளாகவும் இல்லை.

“ஏலே, போதும், எந்திரி” என்று அம்மா கரையிலிருந்து கத்தினாள்.

எழுந்தேன். அது குளியலா, முழுக்கா என்று அவள் கேட்கவில்லை.