குதிகாலைப் பார்க்காத டாக்டர்

நோயாளி நாற்காலியில் உட்காருவதற்குள் டாக்டர் துரைராசு மருந்துச் சீட்டில் பாதி எழுதிவிடுவார். சீர்காழிக் கடைத்தெருவில் அவருடைய கிளினிக்கும் என் மருந்துக்கடையும் ஒரே கட்டடம். நடுவில் மார்பளவு பிளைவுட் தடுப்பு. எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும். பிள்ளையோடு வரும் தாயிடம் அவருடைய முதல் கேள்வி, "இவன் அப்பா எந்த நாடு?" குவைத் என்றால் ஒரு டானிக். சிங்கப்பூர் என்றால் அதைவிடப் பெரிய டானிக். நடவுக்குப் போகிறவளின் பிள்ளைக்கு, "கஞ்சி குடு, போதும்."

அலமாரியில் மருத்துவப் புத்தகங்களுக்கு முன்னால் சென்ட் புட்டிகள் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொடுத்தவை. புத்தகத்தை எடுக்கவேண்டுமானால் புட்டிகளை நகர்த்தவேண்டும். அவர் நகர்த்தி நான் பார்த்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் ஜாய்ஸ் தன் ஐந்து வயது மகன் ஆன்டோவைக் கூட்டிவந்தாள். கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். போன வருடம்வரை பாதம் பதித்து நடந்தவன் இப்போது நுனிக்காலில் நடக்கிறான், படியேறினால் விழுகிறான் என்றாள். சின்னதில் அவன் அப்பா நடைபழக வாக்கர் வாங்கி அனுப்பினாரா என்று டாக்டர் விசாரித்தார். அனுப்பினாராம்.

"அதான். வாக்கர் பழக்கம். வளர்ற வயசு, தானா சரியாயிடும்."

கால்சியம் டானிக்கும் கணுக்காலை மூடுகிற ஷூவும் எழுதினார். பையனை நாலு அடி நடக்கச் சொல்லவில்லை. டானிக்கை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

எட்டு மாதத்தில் நான்கு முறை வந்தாள். கடைசி முறை, கெண்டைக்கால் கல்லுமாதிரி திரண்டிருக்கிறது, கொஞ்சம் தொட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினாள்.

"சத்து ஏறுதும்மா. நல்லதுதான்."

பிறகு அவளாகவே தஞ்சாவூர் போனாள். அங்கே ஒரு பெண் மருத்துவர் ஆன்டோவைத் தரையில் உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொன்னாராம். அவன் முழங்காலில் கையை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேலேயே ஏறுகிறவனைப்போல எழுந்தான். அதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டதாம், அரை நிமிடம் ஆகியிருக்காது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது: தசை சிதைகிற நோய். குணமாகாது. ஆனால் குதிகால் தசைநார் இறுகிப்போகாமல் தினமும் நீட்டிவிடும் பயிற்சியை எட்டு மாதம் முன்பே தொடங்கியிருக்கலாம்.

ஜாய்ஸ் அழவில்லை. என் கடை வாசலில் நின்று ஒன்றுதான் சொன்னாள்: "ஒழுங்கா நடடான்னு இவனை அடிச்சிருக்கேண்ணே."

கிளினிக்குக்குள் போய், தஞ்சாவூர் மருத்துவர் கொடுத்த கடிதத்தையும் டாக்டரின் பழைய சீட்டுகள் நான்கையும் மேசையில் வைத்தாள். சண்டைக்கு வரவில்லை, அந்தப் பயிற்சி கொடுக்க இந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நானும் இதைத்தாம்மா நெனச்சேன்" என்றார்.

கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். தன் சீட்டுகள் நான்கையும் அடுக்கி, மடித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.