பதினைந்தாம் நிமிடத்தில் வெட்டிய வரைபடம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'நாலு மணி நேரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. டேட்டாபேஸ் ஓடும் சர்வர்களுக்கு எஸ்எஸ்டி எனும் சேமிப்பு டிரைவ் வாங்கும் முன், அதன் வேகத்தைச் சோதித்துச் சொல்வது அவர் வேலை. புது டிரைவ் புது மாப்பிள்ளை மாதிரி. முதல் நாள் சுறுசுறுப்பை நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. முழுவதும் நிரப்பி, நாலு மணி நேரம் விடாமல் எழுதவைத்து, அதற்கு மூச்சு வாங்கிய பிறகுதான் அளப்பார். பதினோரு வருடத்தில் அவர் சேர்த்த ஒரே சொத்து, தன் கையெழுத்துக்கு மேலே பொய் எண் கிடையாது என்பது.

மேலாளர் அவர் மனைவியின் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே, அதை மறக்கவிடாதவரும் அவரே.

ஓர் இணையக் கடைக்காக அறுபது டிரைவ் தேவைப்பட்டது. மாதிரிக்கு வந்த டிரைவ் பதினைந்து நிமிடம் பறந்தது. பிறகு வேகம் பத்தில் ஒரு பங்காகி, அப்படியே படுத்துவிட்டது. நம்மவர் வரைபடத்தோடு போய் நின்றார்.

"படம் எதுக்கு மாப்ள இவ்வளவு நீளம்?"

"விழுறது தெரியணும்ல மச்சான்."

"விழுறதை யாராவது ஃபிரேம் போட்டு மாட்டுவாங்களா? பதினஞ்சு நிமிஷத்தோட வெட்டு. ஆர்டர் போன வாரமே போயாச்சு."

"அப்ப என்னை எதுக்குச் சோதிக்கச் சொன்னீங்க?"

"கையெழுத்து வேணும்ல? அடுத்த மாசம் உன் பதவி உயர்வு என் மேஜைக்கு வருது. நான் தங்கச்சி முகத்துல முழிக்க வேண்டாமா?"

வெட்டினார். கையெழுத்திட்டார்.

தள்ளுபடி விற்பனை நாளன்று காலை பத்து மணிக்கு ஆர்டர்கள் குவிந்தன. பத்தேகால் வரை எல்லாம் பிரமாதம். அதன்பின் அந்த இணையக் கடை அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை.

விசாரணைக் குழுவுக்குத் தலைவர், வேறு யார், மச்சான்தான். "நாலு மணி நேரம் சோதிக்கணும்னு எல்லாருக்கும் பாடம் எடுக்கிறவர், இதை மட்டும் ஏன் பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சீங்க?" என்று முதன்முறையாக மரியாதை கொடுத்துக் கேட்டார்.

முழுப் படத்தைக் காட்டினால் தெரிந்தே கையெழுத்திட்டவர். காட்டாவிட்டால் வேலை தெரியாதவர். நம்மவர் சிறிது யோசித்து, வேலை தெரியாதவரானார்.

"உங்களை வீட்டுக்கு அனுப்பணும்னு எல்லாரும் ஒத்தக்கால்ல நின்னாங்களாம். எங்கண்ணன்தான் கெஞ்சி, ஸ்டோர் ரூம்ல போடவச்சாராம். ஒரு நன்றி சொல்லிடுங்க" என்று மனைவி போனை நீட்டினாள்.

சொன்னார்.