மாமா தைத்த படகு

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒரு முழுக் கோடைகாலமும் நான் மாமாவோடு பேசவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். சாப்பிட வரச்சொல்லி அம்மா கூப்பிட்டால் பசியில்லை என்பேன். அவ்வளவு கோபம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. யார்மீது என்பது மட்டும் மாறிவிட்டது.

ஜேர்மனியின் தெற்கே, மலையிலிருந்து ஆறு இறங்கி வரும் ஒரு சிறு நகரத்தில் நாங்கள் இருந்தோம். மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. லொறிகளை மூடும் படங்கு தைக்கிற பட்டறை ஒன்றில் வேலை செய்தார். மாமி இன்னும் ஊரில்தான் இருந்தார். பட்டறையில் வேலை நிரந்தரமானால்தான் மாமியைக் கூப்பிடும் விண்ணப்பம், அந்த அன்ட்ராக், மேலே நகரும் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதை மாமாவுக்குத் தமிழில் சொன்னவளும் நான்தான். படங்கின் நீள அகலம் கேட்கிற அளவுக்கு அவருக்கு ஜேர்மன் தெரியும். டாக்டர், வங்கி, அலுவலகத்தில் நாள் குறித்துத் தந்த டெர்மின் என்று மற்ற எல்லாவற்றுக்கும் என்னைக் கூட்டிப்போவார். நடுவில் ஒரு கதிரை போட்டு இருத்துவார்கள். பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பாராமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பெரிய பெருமை.

ஆற்றங்கரையில் ஒரு படகுச் சங்கம் இருந்தது. அதன் கூரையிலிருந்து பழைய மடிப்புப் படகு ஒன்று தொங்கியது. மரச் சட்டங்களைக் கோர்த்து, அதன்மேல் ரப்பர் பூசிய துணியை உறைபோல இழுத்து மூடிய படகு. எங்கள் நகரத்துக்கு மேலே இருக்கும் மலையிடுக்கில் முதன்முதலாகப் படகு விட்ட மனிதருடையது அது என்று சங்கத் தலைவர் சொன்னார். அந்தக் காலத்தில் அந்த இடுக்கில் வெட்டிய மரங்களை மட்டுமே மிதக்கவிடுவார்களாம். ஆள் இறங்கினால் பிணமாகத்தான் கீழே வருவான் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். இவர் படகை மடித்து முதுகில் சுமந்துகொண்டு மலையடிவரை ரயிலில் போனார். ஆனால் உடனே இறங்கவில்லை. ஒரு கோடை முழுக்கக் கரையோரமாக நடந்தார். தண்ணீர் எந்தக் கல்லில் மோதித் திரும்புகிறது, எங்கே சுழித்து ஆளை இழுக்கிறது, எங்கே வழுக்கிக்கொண்டு போகிறது என்று கல்லைக் கல்லாகக் கொப்பியில் வரைந்துவைத்தார். அடுத்த வருடம்தான் இறங்கினார். மூன்று தடவை கவிழ்ந்து, சப்பாத்துகளை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு ரயிலேறி வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் வேறு நகரங்களிலிருந்தும் இளைஞர்கள் முதுகில் படகோடு ரயிலில் வந்து இறங்கத் தொடங்கினார்களாம்.

அந்த மனிதரின் நினைவாக விழா எடுக்க நினைத்தார்கள். படகின் உறை பல இடங்களில் கிழிந்திருந்தது. பட்டறை முதலாளியும் சங்கத்தில் ஓர் ஆள் என்பதால் படகு மாமாவிடம் வந்து சேர்ந்தது. ஆறு வாரம், வேலை முடிந்த பிறகு, அவர் அதோடு இருந்தார். ஒரு பின்னேரம் தலைவர் பார்க்க வந்தார். நானும் போயிருந்தேன்.

மாமா படகின் வயிற்றுக்குள் கையை விட்டு, விரலில் ஒட்டிய கறுப்புத் தூளை எனக்குக் காட்டினார்.

"உள்ளுக்கு ரப்பர் எல்லாம் உக்கிப்போச்சு, பிள்ளை. நான் வடிவுக்குத்தான் தைச்சு விட்டிருக்கிறன். சுவரில கொழுவலாம். மற்றும்படி இது முடிஞ்சுது எண்டு சொல்லு."

உக்கி உதிர்ந்துபோவதற்கு ஜேர்மனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலைவரின் கையில் அந்தப் பழைய கொப்பி வேறு இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கத் தருவதாகச் சொல்லியிருந்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: "மாமா வடிவாகத் தைத்திருக்கிறார். ஃபெர்டிக் என்று சொல்கிறார்."

ஃபெர்டிக் என்றால் முடிந்தது. ஆள் களைத்து விழுந்தாலும் அந்தச் சொல்தான். ஆனால் திருத்தக் கொடுத்த பொருளைப் பற்றி ஒருவர் ஃபெர்டிக் என்றால், கேட்கிற ஜேர்மன்காரருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: வேலை முடிந்தது, எடுத்துப் பாவிக்கலாம். தலைவர் சிரித்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுவரில் கொழுவுகிற கதையை நான் சொல்வதற்குள் கொப்பி என் கைக்கு வந்துவிட்டது; அதோடு அது மறந்துபோனது. நான் சொன்னதில் பிழை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

விழா நாளில் பாலத்தின் இரு பக்கமும் சனம். பாண்ட் வாத்தியம் முழங்கியது. எங்களையும் அழைத்திருந்தார்கள். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். படகு சங்கத்தின் சுவரில் இருக்கும் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். சுவர் வெறுமையாக இருந்தது.

பிறகுதான் மேலே, ஆறு வளைந்து வரும் இடத்தில், படகைக் கண்டோம். தலைவரின் மகன், பத்தொன்பது வயது இருக்கும், பழைய காலத்துத் தோல் தொப்பியோடு அதற்குள் உட்கார்ந்திருந்தான். அவனை இருவர் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"விடாதேங்கோ" என்று மாமா கத்திக்கொண்டு ஓடினார். தமிழில் கத்தினார். பாண்ட் வாத்தியத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளங்கியிராது.

இரண்டாவது கல்லில் படகின் வயிறு பிளந்தது. தண்ணீர் உள்ளே புகுந்ததும் மரச் சட்டங்கள் முறிந்து, படகு அவனுடைய கால்களோடு சேர்ந்து கல்லைச் சுற்றி மடிந்துகொண்டது. சனம் பார்த்துக்கொண்டு நின்றது. முதலில் இறங்கியது மாமாதான். நெஞ்சளவு தண்ணீரில் நின்று அவன் தலையை மேலே பிடித்துக்கொண்டார். சங்கத்து ஆட்கள் கயிற்றோடு வந்து படகை வெட்டி அவனை எடுத்தார்கள். ஒரு கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உயிர் தப்பியது.

அம்புலன்ஸ் போன பிறகு தலைவர் எங்களிடம் வந்தார். முகம் சுண்ணாம்புபோல இருந்தது.

"தயார் என்று சொன்னீர்களே" என்றார். "இந்தப் பிள்ளைதானே சொன்னாள். வடிவாகத் தைத்திருக்கிறார், ஃபெர்டிக் என்று."

"நான் எல்லாம் சொன்னேன்" என்று கத்தினேன். "மாமா சொன்னதைத்தான் சொன்னேன். நீங்கள்தான் கேட்கவில்லை."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஃபெர்டிக் என்ற சொல் பட்டறையில் அவர் நாளுக்கு நூறு தடவை கேட்கிற சொல். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தலைவரின் பக்கம் திரும்பி, உடைந்த ஜேர்மனில் மெல்லச் சொன்னார்: "என் பிழை. நான் பிழையாகச் சொன்னேன். பிள்ளை இல்லை."

"பொய்" என்றேன் தமிழில். "ஏன் மாமா பொய் சொல்றீங்கள்?"

"வாயை மூடு, பிள்ளை."

அதற்கு முன்பு அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

மாமாவின் வேலை ஒப்பந்தம் முடிந்தபோது பட்டறை முதலாளி அதை நீட்டவில்லை. அன்ட்ராக் அப்படியே நின்றது. அம்மா குசினியில் நின்று அழுதார்.

"ஏன் தம்பி ஒத்துக்கொண்டனீ? நீ சுவரில கொழுவச் சொன்னதெண்டு சொல்லியிருக்கலாமே."

"விடுங்கோ அக்கா."

"அவள் அங்க தனிய இருக்கிறாள்."

"வருவா. கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கொதித்தது. கோழை என்று நினைத்தேன். வெள்ளைக்காரன் சத்தம் போட்டதும் பயந்துபோய், செய்யாத பிழையை ஏற்று, மாமியின் வரவையும் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். மாமி வர மேலும் ஒன்றரை வருடம் ஆனது.

இப்போது என் கோபம் தலைவர்மீது. கல்லைக் கல்லாக வரைந்துவைத்த மனிதரைக் கொண்டாட வந்தவர், அந்தப் படகுக்குள் ஒரு தடவை கையை விட்டுப் பார்க்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் அரைகுறை வசனத்தை நம்பி, பெற்ற மகனை ஆற்றில் இறக்கினார். என்னை அந்தக் கதிரையில் இருத்திய எல்லாப் பெரியவர்கள்மீதும் கோபம். அதில் மாமாவும் சேர்த்தி. ஆனால் அவர் ஒருவர்தான் அதற்கு ஏதாவது செய்தார்.

அந்தக் கோடை முடிய அவர் பின்னேர வகுப்பில் ஜேர்மன் படிக்கச் சேர்ந்தார். இலையுதிர்காலத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஒரு டெர்மின் வந்தது. அவரோடு பேசாவிட்டாலும், அன்று காலை நான் ஜக்கெட் போட்டு, சப்பாத்துக் கட்டி, வாசலில் நின்றேன். என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மாமா வந்து என்னைப் பார்த்தார்.

"நீ பள்ளிக்கூடம் போ, பிள்ளை. நான் தனியப் போறன்."

"உங்களுக்கு ஏலாது" என்றேன். பல மாதத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"ஏலும்."

அவருடைய கையில் ஒரு தாள் இருந்தது. சொல்லவேண்டியதை ஜேர்மனில் எழுதிவைத்திருந்தார். முதல் வரியிலேயே இரண்டு எழுத்துப்பிழை. திருத்திக்கொடு என்றுகூட அவர் என்னிடம் கேட்கவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

நான் ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கதவில் எறிந்தேன். தான் வீணாக ஏற்ற பிழைக்கு என்னைத் தண்டிக்கிறார், இனி என்னை நம்பமாட்டார் என்று விக்கி விக்கி அழுதேன். வெளியே அவர் படியிறங்குவது கேட்டது. ஒவ்வொரு படிக்கும் நின்று, அந்த வசனங்களை வாய்க்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.