இடக் கையால் நீட்டிய ஆலிவ் கிளை

அப்போது ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பது என் வேலை. மகள் யு.கே.ஜி. படித்தாள். எதை எடுத்தாலும் அவளுக்கு இடக் கைதான்.

“ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட் போறதுக்குள்ள கைய மாத்திடுங்க மேடம். ஆமேல, பெரிய கிளாஸ் போனப்புறம், கஷ்டம்,” என்று அவளுடைய மிஸ் சொல்லியிருந்தார். மிஸ் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலைப் பிடுங்கி அவள் வலக் கையில் திணிப்பேன். எழுத்து கோணிக்கொண்டு போகும். படம் வரைவதையே அவள் விட்டுவிட்டாள். செய்வது சரிதானா என்று குழம்புவேன். மறுநாளும் அதையே செய்வேன்.

அந்த வருடம் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சிக்குக் காலண்டர் அச்சடித்தோம். டச்சுக்காரர் ஒருவர் எப்போதோ செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படம். சமாதானம் ஒரு பெண்ணாகத் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் உடைந்த வாள். பின்னால் பாய் விரித்த கப்பல்கள், மூட்டை இறக்கும் ஆட்கள். எதிரே நிற்கும் வியாபாரியிடம் ஓர் ஆலிவ் கிளையை நீட்டுகிறாள். சண்டை ஓய்ந்தால் கடல் வழி திறக்கும், வியாபாரம் செழிக்கும் என்பது கருத்து. மிஞ்சிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து வீட்டுச் சுவரில் ஒட்டினேன்.

மகள் அதன் முன்னால் போய் நின்றாள்.

“அம்மா, இந்த ஆன்ட்டி பீச்சாங்கையால குடுக்கறாங்க. அவங்க மிஸ் திட்ட மாட்டாங்களா?”

அந்தப் படத்தோடேயே நாள்கணக்கில் வேலை செய்தவள் நான். கவனிக்கவே இல்லை. ஆனாலும், அவளும் உன்னைப் போலத்தான் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை.

“இல்லடி, தகட்டுல சோத்துக்கையாதான் வரைஞ்சிருப்பாரு. பேப்பர்ல ஒத்தி எடுத்தா எல்லாம் திரும்பிடும்.”

யோசித்தாள். “அப்ப என்னையும் பேப்பர்ல ஒத்தி எடுத்துடு. சரியாயிடுவேன்.”

அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. எனக்கு ஒரு வழி சொல்லித் தருவதுபோலச் சொன்னாள். நான் பென்சிலை நீட்டினேன். எந்தக் கையால் வாங்குவது என்று என் முகத்தையே பார்த்தாள்.

“உனக்கு எது வருதோ, அதுல வாங்குடி.”

மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

“மிஸ், அவ இடது கையாலயே எழுதட்டும். நான் மாத்தப் போறதில்ல.”

“பெரியவளானா, ஏன் மாத்தலன்னு உங்களத்தான் கேப்பா மேடம்.”

“கேட்டா பதில் சொல்றேன் மிஸ்.”

மிஸ் மகளைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கொடுத்தார். “எங்க, உன் பேர எழுது பாக்கலாம்.”

இடக் கையால் வாங்கி, அழிக்காமல், நிறுத்தாமல் முழுப் பெயரையும் எழுதினாள். அவ்வளவு நேரான வரியை அந்த போர்டில் வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்று என் கணவர் சிரிப்பார். நான் அங்கே இருந்தேன், அவர் இல்லை.