ஹெர்மிலோ வெட்டிய குழிகள்

எங்கள் ஊரில் யார் இறந்தாலும் குழி வெட்டுவது ஹெர்மிலோதான். முப்பது வருடமாக அதே மண்வெட்டி. குழியின் சுவர் செதுக்கி வைத்தது போல நேராக நிற்கும். அதற்காக எல்லோரும் அவரை மெச்சுவார்கள். விருந்துக்கு மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர் மனைவி டெல்ஃபினா என் மாவு மில்லுக்கு வேகவைத்த மக்காச்சோளத்தை அரைக்க வருவாள். எனக்குத் தெரிந்ததில் பாதி அவள் சொன்னது. மீதியை நானே பார்த்தேன்.

அந்த வருடம் ஈஸ்டருக்குப் பிறகு ஊரில் சாவே விழவில்லை. ஜூலை கடைசியில் விவசாய இன்ஜினியர் யாதிரா ஹெர்மிலோவைத் தேடி வந்தாள். உரம் போடும் முறையைச் சோதிக்க, மே மாதமே விவசாயி கரலாம்பியோவின் வயலில் மூன்று பட்டைகள் பிரித்து மக்காச்சோளம் விதைத்திருந்தாள். முதல் பட்டைக்கு யூரியாவே இல்லை. இரண்டாவதற்குக் கரலாம்பியோவின் வழக்கப்படி, விதைத்த வாரமே மொத்தமும் கொட்டியாயிற்று. மூன்றாவதற்கும் அதே அளவுதான்; ஆனால் விதைப்பில் கொஞ்சம், பயிர் முழங்காலுக்கு வந்ததும் மீதி.

"மூணு பட்டையிலும் நெஞ்சளவு குழி வேணும் அண்ணே. சுவர் நேரா இருக்கணும்" என்றாள்.

ஹெர்மிலோ வெட்ட ஆரம்பித்ததும் வரப்பில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"என்ன ஹெர்மிலோ, கரலாம்பியோ அண்ணனுக்கு இப்பவே அளவெடுத்துட்டியா?"

"இது அவருக்குப் பத்தாதுப்பா, வயிறு இடிக்கும்" என்றார் ஹெர்மிலோ. கரலாம்பியோவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

குழி முடிந்ததும் யாதிரா அவர் கையில் ஓர் ஆணியையும் தண்ணீர் தெளிக்கும் டப்பாவையும் கொடுத்தாள். மண்ணை மட்டும் சுரண்ட வேண்டும், வேர் அறுபடக் கூடாது. மூன்று நாள் குனிந்து அதைச் செய்தார்.

யூரியா போடாத பட்டையில் பயிர் மஞ்சளாகக் குட்டையாக நின்றது. வேர் மெல்லிசாக, ஆனால் ஆழமாக இறங்கியிருந்தது. மொத்தமாகக் கொட்டிய பட்டையில் மேலே ஒரு சாண் ஆழத்துக்குத் தாடி போல வேர்ப் பின்னல், அதற்குக் கீழே வெறும் மண். மூன்றாவதில் வேர் மேலேயும் அடர்ந்திருந்தது. குழிக்குள் நின்றவரின் இடுப்புக்கும் கீழே போயிருந்தது.

"இது ஏம்மா கீழ இறங்கல?" என்று இரண்டாவது குழியைக் காட்டிக் கேட்டார்.

"சாப்பாடு வாசல்லயே கிடைச்சா யாரு அண்ணே தேடி நடப்பாங்க? ஆனா அது அங்கயே நிக்காது. மழை கீழ இழுத்துட்டுப் போயிரும்."

அவள் அந்தக் குழிச் சுவரில் மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி மண் எடுத்து, தனித்தனியாகத் தண்ணீரில் கலக்கி, உரச்சத்து இருந்தால் நிறம் மாறும் சோதனைக் காகிதத்தை நனைத்தாள். மேல்மண்ணில் காகிதம் லேசாகத்தான் நிறம் மாறியது. அடிமண்ணில் அடர்ந்த ரோஸாகிவிட்டது.

"பாருங்க, சத்து இங்க கிடக்கு. வேர் அங்க நிக்குது."

ஹெர்மிலோ வீட்டுக்குப் போய் டெல்ஃபினாவிடம், "முப்பது வருஷமா வேரை வெட்டி வெட்டித் தள்ளியிருக்கேன். ஒருநாள்கூட அதைப் பாக்கணும்னு தோணல" என்றாராம். அன்று சரியாகச் சாப்பிடவில்லை என்று டெல்ஃபினா வருத்தப்பட்டாள்.

கரலாம்பியோ குழிப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. "செத்தவங்களுக்கு வெட்டுறவன் பயிருக்கு வைத்தியம் சொல்றானா?" என்று என் மில் வாசலில் நின்று சத்தமாகவே சொன்னார். அப்போது ஹெர்மிலோ தெருவில் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மழைக்காலத்தின் நடுவே வழக்கமாக வரும் மழையில்லா இடைவெளி அந்த வருடம் மூன்று வாரம் நீண்டது. மதியமானால் கரலாம்பியோவின் பயிர் இலை சுருட்டிக்கொண்டது. பிறகு மழை திரும்பியது, காற்றோடு. காலையில் பார்த்தால் அவர் வயலில் பாதி படுத்துக் கிடந்தது. மூன்றாவது பட்டை சாய்ந்திருந்ததே தவிர விழவில்லை.

அந்த வாரம் விவசாயிகள் கூட்டத்தில் ஹெர்மிலோவைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றார்.

"எனக்குப் பேச வராது. வந்து இறங்கிப் பாருங்க."

அவ்வளவுதான். எல்லோரும் வயலுக்கு நடந்தோம். ஒவ்வொருவராகக் குழிக்குள் இறங்கினார்கள். கடைசியில் கரலாம்பியோ கரையில் தனியாக நின்றார். ஹெர்மிலோ கீழே இருந்து கையை நீட்டினார். கரலாம்பியோ கொஞ்சம் தயங்கிவிட்டு அதைப் பிடித்து இறங்கினார்.

மூன்றாவது குழியில் ஒரு வேரின் மேல் விரலை வைத்து, அது போன வழியே கீழே கீழே குனிந்துகொண்டு போனார்.

"எம்மாந்தூரம் போயிருக்குடா இது."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரை மேலே ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது, அப்போது சிரித்தோம். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் ஹெர்மிலோவிடம், "வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காத. என் கீழ்வயல்லயும் ஒண்ணு வெட்டு" என்றார்.

யாதிரா மட்டும் எச்சரித்தாள். "ஒரு வருஷத்த வச்சு சத்தியம் பண்ணாதீங்க. மண்ணு மாறும், மழை மாறும். வருஷா வருஷம் பாக்கணும்."

அடுத்த வருடம் பத்தொன்பது குடும்பங்கள் யூரியாவைப் பிரித்துப் போட்டன. விதைப்புக்கு முன்பே மண்ணைச் சோதித்ததில் சில வயல்களில் போன வருடத்துச் சத்தே மிச்சம் இருந்தது. அந்த வயல்காரர்கள் அளவையும் குறைத்தார்கள். எல்லோருக்கும் விளைச்சல் கூடிவிடவில்லை. சிலருக்கு அதேதான் கிடைத்தது, குறைந்த யூரியாவில். கரலாம்பியோவின் பயிர் விழாமல் நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஹெர்மிலோவைத் தேடி வந்தார்கள்.

போன மாதம் தன் சொந்த வயலில் குழி வெட்டப் போனவர் மதியமாகியும் திரும்பவில்லை. டெல்ஃபினா பீன்ஸும் தோர்த்தியா ரொட்டியும் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவர் குழிக்குள் உட்கார்ந்து ஆணியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏறி வாங்க, ஆறிப்போகுது."

"நீ இறங்கி வா. இதப் பாரேன்."

கல்யாணமான நாளிலிருந்து கணவர் வெட்டிய எந்தக் குழியிலும் கால் வைக்காதவள் அவள். பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இருவரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.