மரியமலர் மீட்ட காட்டுப்பாதை

மரியமலருக்கு நாற்பத்தெட்டு வயது. தோர்ண்டன் ஹீத்தில் குடியிருக்கிறார். தென் லண்டன் வீதிகளில் வடிகால் வேலையைக் கொந்தராத்தாக எடுத்துச் செய்யும் நிறுவனமொன்றில் ஆறு ஆண்களுக்கு மேற்பார்வையாளர். பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் டென்மார்க்குக்குப் போனவர், பள்ளி முடிந்ததும் வீதிக்குக் கல் பதிக்கும் தொழிலை அங்கேயே முறையாகப் படித்தார். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். கலியாணமாகி லண்டனுக்கு வந்தபோது, "ஒரு கடையில நிண்டால் காணாதோ?" என்று சிலர் கேட்டார்கள். மறுவாரமே அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வீதி வேலைக்குப் போய்விட்டார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் வேலைக்கென்று ஒரு பழைய ஜீப் வாங்கினார். கூட வேலை செய்பவர் ஒருவர், சரே மலைப்பக்கத்தில் உள்ள அரசாங்கக் காட்டுக்கு அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போனார். அந்தக் காட்டின் நடுவே ஒரு மண்பாதை இரண்டு மைல் தூரம் போகிறது. நடப்பவர்கள், குதிரைக்காரர், ஜீப்புகள், மோட்டார் சைக்கிள்கள் எல்லோருக்கும் அதில் சட்டப்படி உரிமை உண்டு. முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில், மரவேர்களில் ஏறி இறங்கிப் போனபோது மரியமலருக்கு வாரம் முழுதும் இருந்த அலுப்பு காணாமல் போனது. அந்தப் பாதையில் வண்டி ஓட்டுபவர்களின் சங்கத்தில் சேர்ந்தார். அதில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முந்திய குளிர்காலத்தில் பாதையின் வாசலில் உள்ளூராட்சிக் கவுன்சில் ஓர் அறிவித்தலை ஒட்டியது. பாதை முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிட்டது, இனி மோட்டார் வண்டிகளை முற்றாகத் தடை செய்ய உத்தேசம், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று இருந்தது. சங்கத் தலைவர் கிரகாம் வழக்கறிஞரைப் பிடிக்க வேண்டும் என்றார். மரியமலர் மழைக்காகக் காத்திருந்தார். நல்ல மழை பெய்த சனிக்கிழமையொன்றில் கணவரையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். கணவர் செல்வரத்தினம் பஸ் சாரதி.

"இந்த மழைக்க என்னத்தைப் பாக்கப் போறீர்?" என்றார் அவர்.

"தண்ணி எங்கால வருதெண்டு பாக்கோணும். காய்ஞ்ச நாளில அது தெரியாது."

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் பாதைக்குக் கீழே ஒரு பழைய கல் மதகு வழியாகப் போக வேண்டும். மதகு வேரும் இலையுமாக அடைபட்டிருந்தது. பக்கத்து வாய்க்கால் தூர்ந்து, இருந்த இடமே தெரியவில்லை.

"இஞ்ச பாருங்கோ, போக வேற வழியில்லாமல் தண்ணி பாதையால ஓடுது."

"அப்ப ஜீப்புகளில பிழையில்லையோ?"

"இருக்கு. ஈரத்துக்க நாங்கள் ஓடினபடியால்தான் இவ்வளவு ஆழம். அதை மறைக்க ஏலாது."

கவுன்சில் கூட்டத்தில் அவருக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மழையில் எடுத்த படங்களைக் காட்டினார். "எங்கள் வண்டிச் சில்லுகளும் இதைக் கெடுத்தன. ஆனால் சில்லுகளை மட்டும் நிறுத்தினால் தண்ணீர் நிற்காது. ஐந்து வருடத்தில் குதிரையும் போக முடியாது. எங்களை விடுங்கள், நாங்களே திருத்துகிறோம்" என்றார்.

தடை வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுவந்த ஹிலரி என்ற குதிரைக்காரப் பெண்மணி எழுந்தார். "மழைக்காலத்தில் வராமல் இருப்பீர்களா?"

"இருப்போம். நவம்பர் முதல் மார்ச் வரை" என்றார் மரியமலர்.

அப்படிச் சொல்லச் சங்கம் அவருக்கு அனுமதி கொடுத்திருக்கவில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் கிரகாமின் முகம் சிவந்திருந்தது. "எங்களைக் கேட்காமல் ஐந்து மாதத்தைக் கொடுத்துவிட்டீர்களே."

"பன்னிரண்டையும் இழக்க இருந்தோம், கிரகாம்."

அடுத்த வாரம் சங்கம் கூடியது. தான் கொடுத்த வாக்கு பிடிக்காவிட்டால் சங்கத்தை விட்டு விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டே மரியமலர் வாக்கெடுப்புக்கு உட்கார்ந்தார். நாற்பத்தொரு பேர் அவர் பக்கம், பத்தொன்பது பேர் எதிர். திருத்தும் வேலைக்குக் கவுன்சிலிடம் பணம் இல்லை என்பதால், வண்டிக்கு ஒரு தடவை டீசல் நிரப்பும் காசை ஒவ்வொருவரும் வருடாவருடம் பாதைக்குத் தருவது என்றும் அன்றே முடிவானது. எதிர்த்து வாக்களித்தவர்களில் முக்கால்வாசிப் பேரும் தந்தார்கள்.

கவுன்சில் ஒரு வருடம் தவணை கொடுத்தது. காட்டு அதிகாரிகளின் அனுமதியோடு அந்தக் கோடையில் எட்டுச் சனிக்கிழமைகள் வேலை நடந்தது. மதகைக் கிண்டித் துப்புரவாக்கினார்கள், வாய்க்காலை மறுபடி வெட்டினார்கள், பள்ளங்களுக்குக் கல்லும் கிறவல் மண்ணும் போட்டு இறுக்கினார்கள். மரியமலரின் கீழ் வேலை செய்யும் ஆறு பேரும் இரண்டு சனிக்கிழமை சம்பளமில்லாமல் வந்தார்கள். நவம்பரில் சங்கமே தன் கையால் வண்டிகளுக்கு வாசலை மூடியது. ஒருவரும் மீறவில்லை.

பெப்ரவரியில், கொட்டும் மழையில், கவுன்சில் பொறியியலாளர் வந்து இரண்டு மைலும் நடந்து பார்த்தார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி மதகுக்குள் இறங்கியது. பாதை காலுக்கு இறுக்கமாக இருந்தது. மதகருகில் குனிந்து நெடுநேரம் பார்த்தவர், "இதற்குத் திட்டம் போட்டது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் மரியமலர். அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில் தடை உத்தேசம் கைவிடப்பட்டது. குளிர்கால மூடல் மட்டும் விதியாக நிலைத்தது. இப்போது காட்டு அதிகாரிகள் வேறு இரண்டு பாதைகளுக்கும் அவரிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு அவர் பெயரைச் சொன்னவர் ஹிலரி.

போன மாதம் பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது, புதிதாக வந்த குடும்பமொன்றுக்குச் செல்வரத்தினம் மனைவியை அறிமுகப்படுத்தினார். "இவதான் காட்டுக்க ரெண்டு மைல் றோட்டைக் காப்பாத்தின ஆள்."

"றோட்டில்லை, மண்பாதை" என்று திருத்தினார் மரியமலர். பிறகு, அவர்கள் கேட்காமலே, போனை எடுத்து மதகின் படத்தைக் காட்டினார்.