சுற்றவிட்டுப் பார்த்தவர்

சங்கரலிங்கம் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் நியூ டவுனில் என் மகள் வீட்டுப் பன்னிரண்டாம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சாரின் மகள் கோமதிதான் பேசினாள். "மாமா, அப்பா காலையில போயிட்டாங்க. மத்தியானம் எடுக்கிறோம். வந்தா அந்த ஸ்டூலையும் கையோட எடுத்துட்டுப் போயிருங்க. அப்பா சொல்லிட்டுப் போயிருக்காங்க." என்னைப் பற்றி ஏதாவது நல்ல வார்த்தை சொன்னாரா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "ஸ்டூலைப் பத்தித்தான் சொன்னாங்க மாமா."

டாக்குரியாவில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வீடு கிடையாது. திருநெல்வேலிக்காரர். இங்கே ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தினார். பொருள்கள் சுழல்வதைப் பற்றிய பாடம் அவருக்கு உயிர். மனிதர்கள் அவ்வளவு இல்லை. நம் தமிழ்ச் சங்க விசேஷம் ஒன்றில் பந்தியில் உட்கார்ந்திருந்த துறைமுக அதிகாரி ஒருவர், தன் மகனுக்குப் பரீட்சையில் ஏன் மார்க் வரவில்லை என்று கேட்டார். சார் தன் இலையிலிருந்த மெதுவடையை எடுத்துக் காட்டினார். "இதோட நிறை மையம் எங்க இருக்கு தெரியுமா? மாவுல இல்ல. ஓட்டையில இருக்கு. உம்ம பையனுக்கும் எல்லாம் சுத்தி இருக்கு. நடுவுலதான் ஒண்ணுமில்ல." அதிகாரி அத்தோடு எழுந்துவிட்டார். சார் அவர் வடையையும் எடுத்துச் சாப்பிட்டார்.

சாரின் மனைவி இறந்தபோது துக்கம் கேட்கப் போனேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவரே சொன்னார்: "வீட்டோட மையம் ஓட்டைக்குள்ள போயிட்டுது வே." அதே வடைதான். எவரையும் விட்டுவைக்காதவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் எட்டாம் வகுப்பு. ஆனால் ஹவுராவில் ஒரு பட்டறையில் ஐயாயிரம் சக்கரத்தை ஆடாமல் சுற்றும்படி சமன் செய்தவன். ஐயாயிரம் அதிகம் என்றால் நாலாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து என் கையைப் பார்த்துவிட்டு வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். சார் வீட்டு ஸ்டூலைச் செய்ததும் நான்தான். மேலே ஒருவர் உட்காரலாம், அடியில் பேரிங். விரலால் தட்டினால் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை சுற்றும், சத்தமே வராது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சரஸ்வதி பூஜைக்காகச் சார் கேட்டுச் செய்துகொடுத்தேன்.

நமக்கு அந்தப் பூஜை நவராத்திரியில். வங்காளிகளுக்குத் தை மாசியில். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் இரண்டுக்கும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். வங்காள பூஜையன்று மாலையில் சார் மொட்டை மாடியில் பாடம் நடத்துவார். புத்தகத்தைத் தொடக்கூடாதே என்று பெண்கள் முனகினால், "புத்தகத்தை யாரு தொட்டா? முத்தையாவைத்தானே தொடுதேன்" என்பார். முத்தையா நான்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, ஐந்து கிலோ இரும்பு ஒன்றை ஒரு கையிலும் இன்னொன்றை மறு கையிலும் பிடித்து, இரு கைகளையும் நீட்டிக்கொள்ள வேண்டும். சார் மெதுவாகத் தள்ளிவிடுவார். "இப்போ கையை உள்ள இழும் வே" என்பார். நெஞ்சோடு இழுத்ததும் ஸ்டூல் பேய்மாதிரி சுற்றும். வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை, கனம் நடுவுக்கு வந்துவிட்டது, அதனால் வேகம் கூடுகிறது. அதற்கு ஒரு நீளப் பெயர் உண்டு. எனக்கு வாயில் நுழையவில்லை. கையை நீட்டினால் தணியும். நீட்டச் சொல்லாமல் சார் சும்மா நிற்பார். ஒரு வருஷம் கிச்சடி அண்டாவின் அருகிலேயே வாந்தி எடுத்தேன். முந்நூறு பேர் சிரித்தார்கள். முந்நூறு பேர் அந்த மாடியில் கொள்ளாது, இருந்தாலும் எனக்குக் கேட்டது முந்நூறுதான்.

முதல் வருஷம் கல்லூரி மாணவன் ஒருவன் உட்கார்ந்தான். அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் நானே. அறுபது தாண்டிய ஆள் ஏன் இப்படிக் கோமாளி ஆகிறான் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். அறிவியலுக்காக என்று சொல்லிவந்தேன். இனி எழுதுவதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

ஸ்டூல் செய்த வருஷமே எங்கள் பட்டறைக்குச் சணல் ஆலையிலிருந்து ஒரு பெரிய டிரம் வந்தது. ஆள் நீளம். அதைக் கடைந்தவர் நிமாய்தா, நமக்கு நிமாய் அண்ணன்; இருபது வருஷமாக எங்கள் பட்டறை லேத்தில் நின்றவர். சமன் செய்தது நான். மட்டம் பார்த்த இரண்டு இரும்புப் பட்டைகள்மேல் அச்சை வைத்து உருட்டினால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே மேலே ஒரு இரும்புத் துண்டை முடுக்குவேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. டிரம்மின் இடது முனையில், பழைய பற்றவைப்பு இருந்த இடத்தில்தான் கனம். அந்த முனை சுவரோரம். கை போகவில்லை. வலது முனையில் முடுக்கிவிட்டேன். டிரம் சாதுவாக நின்றது. ஓட்டியபோது பேரிங்கைப் பிய்த்துக்கொண்டு குதித்தது. கடைசல் கோணல் என்று நான் முதலாளியிடம் சொன்னேன். நிமாய்தா இல்லை என்றார். மூன்று நாள் சண்டை. சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் ஒருவன் வெளியே போக வேண்டும் என்றார் முதலாளி. என் பக்கம் பேசப் படித்தவர் ஒருவர் இருக்கட்டும் என்று சனிக்கிழமை நானே சாரை அழைத்துக்கொண்டு ஹவுராவுக்குப் போனேன்.

சார் டிரம்மைக் கையால் உருட்டி, இடது முனைப் பற்றவைப்பைத் தடவினார். வலது முனையில் இருந்த இரும்பைத் தொட்டார்.

"இதை யாரு வச்சது?"

"நான்தான் சார்."

"கனம் அந்த முனையில. நீரு ஏன் இந்த முனையில வச்சீரு?"

"அந்தப் பக்கம் சுவரு இடிக்குது சார். நிறுத்திப் பார்த்தேன், சரியாத்தானே நின்னுது."

"நிக்கும். மையம் அச்சுமேலதான் இருக்கு. சுத்துனா இந்த முனைய ஒருத்தன் மேல இழுப்பான், அந்த முனைய இன்னொருத்தன் கீழ இழுப்பான். குதிக்காம என்ன வே செய்யும்? கடைசல்ல ஒரு தப்பும் இல்ல."

பேசியது முழுக்கத் தமிழில். இரண்டடி தள்ளி முதலாளியும் நிமாய்தாவும் நின்றார்கள், இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை புரியாது. "புரொஃபசர் என்ன சொல்கிறார்?" என்று முதலாளி ஹிந்தியில் என்னைக் கேட்டார். நான் சொன்னேன்: "கடைசல்தான் கோணல் என்கிறார்."

சாருக்கு ஹிந்தியும் தெரியும், வங்காளமும் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நிமாய்தா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். படித்தவரே சொல்லிவிட்ட பிறகு அவர் எதிர்த்துப் பேசவில்லை. அன்று மாலையே டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை நான் டிரம்மைச் சுவரிலிருந்து நகர்த்தி, இரும்பை இடது முனைக்கு மாற்றினேன். பூனைபோல ஓடியது. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்று ஆற்றைக் கடந்து திரும்பும்போது படகில் சார் சொன்னார்: "நிக்கும்போது எல்லாவனும் யோக்கியன்தான் வே. சுத்தவிட்டாத்தான் தெரியும். திங்கட்கிழமை போய் நீரே சொல்லும்." சொல்கிறேன் என்றேன். அடுத்து வந்த பூஜைக்கு ஸ்டூலைக் காட்டி, "உக்காரும்" என்றார். சுற்றி முடிந்து தலை நிற்காமல் தவித்துக்கொண்டிருந்தபோது, என் காதருகே குனிந்து, "சொல்லிட்டீரா?" என்று கேட்டார். "இல்ல சார்." "சரி. அடுத்த வருஷம் பாப்போம்." ஒவ்வொரு வருஷமும் இதேதான். நீங்கள் கைதட்டும் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது.

நிமாய்தா வேறு பட்டறைக்குப் போகவில்லை. ஹவுரா படகுத்துறை அருகே, காலால் மிதிக்கிற சாணைச் சக்கரம் ஒன்றை வைத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை தூரத்தில் பார்த்தேன். அன்றிலிருந்து வேறு படகுத்துறையில் இறங்கத் தொடங்கினேன். சார் மட்டும் மாதம் ஒருமுறை படகேறி, வீட்டு அரிவாள்மணையை அவரிடம் தீட்டிக்கொண்டு வருவார். என்னிடம் காட்டுவார். "நல்ல கை வே. விரல் வச்சுப் பாரும்."

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூக்கில் குழாய். அப்போதும் அதே கேள்வி. எனக்கும் அன்று கோபம் வந்துவிட்டது.

"நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். அந்த மனுசன் வேலை போயிருக்காதே."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"நீரா சொல்லுவீர்னு ரெண்டு நாள் இருந்தேன். அப்புறம் நீரு ஸ்டூல்ல உக்காந்தீரு. நல்லா இருந்திச்சு வே. எனக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?"

சிரித்தார். இருமல் வந்தது. நர்ஸ் என்னை வெளியே அனுப்பினாள். இதை எழுதுவதால் கோமதி என்னோடு பேசாமல் போகலாம். என் பொய்யால் ஒருவர் வேலை போனது. அந்தப் பொய்யைப் பத்துப் பதினைந்து வருஷம் மொட்டை மாடியில் சுற்றவிட்டு அவர் வேடிக்கை பார்த்தார். இரண்டில் எது பெரியது என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

தகனம் முடிந்ததும் ஸ்டூலையும் இரண்டு இரும்பையும் ஒரு டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு, மகள் வீட்டுக்குப் போகாமல் படகுத்துறைக்குப் போனேன். படகேறி, அன்று ஹவுராவின் பழைய துறையிலேயே இறங்கினேன். நிமாய்தா ஒரு கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. அடையாளம் தெரிந்து, "முத்து, எப்படி இருக்கிறாய்? கத்தி கொண்டுவந்தாயா?" என்று வங்காளத்தில் கேட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வங்காளத்தில் சொன்னேன், ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

திட்டுவார், கத்தரிக்கோலைத் தூக்குவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் மிதிப்பதை நிறுத்தினார். சக்கரம் தானாக ஓய்ந்தது.

"அப்படியென்றால் என் கை சரியாகத்தான் இருந்ததா?"

"சரியாகத்தான் இருந்தது, நிமாய்தா."

"புரொஃபசர் கோணல் என்று சொல்லவில்லையா?"

"சொல்லவில்லை."

"பெலூரில் ஒரு பட்டறையில் கூப்பிட்டார்கள். என் கண்ணும் கையும் போய்விட்டன, இன்னொரு டிரம் கெட்டு யாராவது செத்தால் என்ன செய்வது என்று நான் போகவில்லை." திரும்பவும் கேட்டார்: "சரியாகத்தான் இருந்ததா?"

ஸ்டூலை அவர்முன் வைத்து விரலால் தட்டினேன். சுற்றியது. முன்னால் இதை நான்தான் செய்தேன் என்று எழுதியிருக்கிறேன். பேரிங்கைப் பொருத்தியது மட்டும் நான். நடுத் தண்டைக் கடைந்தது நிமாய்தா. டிரம் வருவதற்கு நாலு மாதம் முன்னால், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான் கேட்டேன் என்பதற்காகக் கடைந்துகொடுத்தார். இத்தனை வருஷம் என்னைத் தாங்கிச் சுற்றியும் அது முடியளவும் ஆடியதில்லை. இது சாருக்கும் தெரியும். அதனால்தான் என்னை எப்போதும் அதன்மேலேயே உட்காரவைத்தார்.

நிமாய்தா தண்டருகே காதை வைத்துக் கேட்டார். அது நிற்கும்வரை காதை எடுக்கவில்லை. பிறகு அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். "இது இங்கே இருக்கட்டும்," என்றார். "நீ போ."

ஆகவே சாரின் ஞாபகமாக என்னிடம் ஸ்டூல் இல்லை. இரும்பு இரண்டும் இருக்கின்றன. பன்னிரண்டாம் மாடியில், துணி உலர்த்தும் கொடிக்கடியில் வைத்திருக்கிறேன். சில சமயம் எடுத்துக் கையை நீட்டிப் பிடிக்கிறேன். எதுவும் சுற்றுவதில்லை. கைதான் வலிக்கிறது.